காரை உள்ளே விடாத தீவில் ஒரு மர ஓட்டல்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் ஒரு நீரிணையில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மேக்கினா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கரையோரமாகவே நடந்தால் 13 கிலோமீட்டரில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். படகிலிருந்து இறங்குகிறவரின் பெட்டிகளை குதிரை வண்டிதான் ஏற்றிக்கொண்டு போகும். டாக்சி என்றாலும் குதிரை வண்டி, குப்பை அள்ள வருவதும் குதிரை வண்டி. மேட்டின்மேல் ஏரியைப் பார்த்தபடி வெள்ளை வெளேரென்று ஒரு மரக் கட்டடம் நீளமாக நிற்கும். அதுதான் கிராண்ட் ஓட்டல். முன்பக்க வராந்தாவின் நீளம் மட்டும் 660 அடி. வரிசையாகத் தூண்கள், சிவப்பு ஜெரேனியம் பூக்கள், ஆடும் நாற்காலிகள். அங்கே தங்காதவர்கள் அந்த வராந்தாவில் கால்வைக்கவே காசு கொடுக்க வேண்டும்.

1887 ஜூலை 10 அன்று திறந்த ஓட்டல் இது. இன்றும் ஒவ்வொரு கோடையிலும் திறக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ஏரிக்கரைகளில் இந்த மாதிரி ராட்சத மர ஓட்டல்கள் நிறைய எழும்பின. பெரும்பாலானவை இன்று இல்லை. எரிந்து போயின, இடிக்கப்பட்டன, அல்லது ஆள் வராமல் மூடிக் கிடந்து மக்கிப் போயின. மேக்கினா ஓட்டல் மட்டும் ஏன் நின்றது என்று கேட்டால் முதலாளிகளின் அக்கறை, அழகு, அதிர்ஷ்டம் என்று பல பதில்கள் வரும். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் என் கணக்கில் முதல் காரணம் வேறு. புதிய போக்குவரத்து வந்ததால் பிறந்த ஓட்டல் இது; அதற்கடுத்து வந்த போக்குவரத்தைத் தீவு உள்ளே விடாததால் பிழைத்தது.

ஓட்டலுக்கு முன் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேக்கினா என்ற பெயர், அங்கே வாழ்ந்த அனிஷினாபே பழங்குடியினரின் மொழியில் ‘பெரிய ஆமை’ என்ற பொருளில் வந்த சொல்லின் மிச்சம். தூரத்திலிருந்து பார்த்தால் தீவு முதுகு புடைத்த ஆமைபோலத் தெரியும். அவர்களுக்கு அது புனித இடம். முன்னோரைப் புதைத்த இடம். 1780-81இல் பிரிட்டிஷ் படை அங்கே கோட்டை கட்டியது. அப்புறம் தீவு ஆட்டுத்தோல் சந்தையைப் போல ஒரு தோல் சந்தையாக மாறியது. ஆட்டுக்குப் பதில் பீவர் என்ற, நீரில் வாழும் கொறிவிலங்கு. ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் அமெரிக்கன் ஃபர் கம்பெனி என்ற ரோமத்தோல் கம்பெனிக்கு வடக்குப் பகுதியில் இதுதான் முக்கியமான கிடங்கு. 1836 ஒப்பந்தத்தில் பழங்குடியினர் மிச்சிகனின் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அதற்கான ஆண்டுத் தொகையை வாங்க அவர்கள் கூடியதும் இதே தீவில்தான். பிறகு ரோமம் தீர்ந்தது, மீன்பிடி கொஞ்ச காலம் ஓடியது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதன்பின் வந்தார்கள்.

1875இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீவின் பெரும்பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. யெல்லோஸ்டோனுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது தேசியப் பூங்கா. அதற்கு முன்நின்றவர் தாமஸ் ஃபெரி என்ற செனட்டர். அந்தத் தீவிலேயே பிறந்தவர். கோட்டையில் படை ஏற்கனவே இருந்ததால் பூங்காவைப் பார்த்துக்கொள்ளத் தனியாகச் செலவில்லை. 1895இல் படை கிளம்பியபோது பூங்கா மிச்சிகன் மாநிலத்தின் கைக்கு வந்து, அதன் முதல் மாநிலப் பூங்காவானது. இன்று தீவின் எண்பது சதவீதத்துக்கும் மேல் பூங்காதான். தேசியப் பூங்கா என்ற பெயர் அன்று பெரிய விளம்பரம். பெயர் இருந்தது, வர ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். பெருங்கூட்டம் தங்கும் அளவுக்கு இடம்தான் இல்லை.

இங்கேதான் ரயில் வருகிறது. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்பாதை 1881இன் கடைசியில் நீரிணையின் தென்கரையில் இருக்கும் மேக்கினா சிட்டி வரை எட்டியது. அடுத்த ஆண்டே கிராண்ட் ராபிட்ஸ் அண்ட் இந்தியானா ரயிலும் அதே ஊருக்கு வந்து நின்றது. இவ்வளவு வடக்கே, காட்டுக்குள், எதற்காக இரண்டு ரயில்பாதை? மரத்துக்காக. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே அதிகமாக மரம் அறுத்துத் தள்ளிய மாநிலம் மிச்சிகன். சிகாகோ போன்ற நகரங்கள் அதன் வெள்ளைப் பைன் பலகையில்தான் எழும்பின. ஆனால் வெட்டிய காடு மறுபடி உடனே வளர்ந்துவிடாது. மரம் தீரத் தீர அந்தத் தண்டவாளத்தில் எதை ஏற்றுவது என்ற கேள்வி ரயில் கம்பெனிகளை விரட்டியது. அதற்கு அவர்கள் கண்ட பதில், கோடையில் நகரத்தை விட்டு ஓடுகிற மனிதர்கள். கிராண்ட் ராபிட்ஸ் ரயில் தன்னை ‘மீன்பிடிப் பாதை’ என்றே விளம்பரம் செய்துகொண்டது.

நகரத்து ஆட்கள் வடக்கே வர வெறும் சொகுசு மட்டும் காரணமில்லை. ஏர் கண்டிஷனர் இல்லாத காலத்து சிகாகோ, டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ் கோடையை நினைத்துப் பாருங்கள்: புழுக்கம், புகை, குதிரைச் சாணம், அழுகிய குப்பை, அதோடு வரும் தொற்றுநோய்கள். அதுபோக ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் ஆகஸ்ட் பிறந்ததும் லட்சக்கணக்கானோரைத் தும்ம வைத்தது. அன்று மாத்திரை கிடையாது. மகரந்தம் இல்லாத காற்றைத் தேடிப் போவது ஒன்றே மருந்து. பக்கத்து ஊரான பெட்டோஸ்கியில் 1882இல் இந்த ஒவ்வாமைக்காரர்களே கூடி ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் சூழ்ந்த மேக்கினா அவர்களுக்குச் சொர்க்கம். ஒருமுறை மூச்சு விட முடிந்த இடத்துக்கு மனிதன் அடுத்த வருஷமும் வருவான் அல்லவா?

1886இல் அந்த இரண்டு ரயில் கம்பெனிகளும், டெட்ராய்ட்டுக்கும் க்ளீவ்லாந்துக்கும் இடையே கப்பல் ஓட்டிய ஒரு நீராவிக் கப்பல் கம்பெனியும் சேர்ந்து ஓட்டலுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கின. ஃபிரான்சிஸ் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற மர வியாபாரி, பின்னால் செனட்டரும் ஆனவர், சில வருஷங்களுக்கு முன்பே இப்படி ஒரு ஓட்டலை மனதில் வைத்து மேட்டில் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். வரைபடம் டெட்ராய்ட்டைச் சேர்ந்த மேசன் அண்ட் ரைஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம். கட்டியவர் சார்ல்ஸ் காஸ்கி. கட்டடம் முழுக்க மிச்சிகன் வெள்ளைப் பைன். ரயிலை வடக்கே இழுத்துவந்த அதே மரம்தான், ரயிலுக்குப் புதுப் பயணிகளைத் தேடித்தரும் ஓட்டலாகவும் நின்றது. வேலை சில மாதங்களில் முடிந்தது. 93 நாள் என்று ஓட்டல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நாள் கணக்கு எப்படி இருந்தாலும் அவசரத்தின் காரணம் தெளிவு. ஜூலையில் திறக்காவிட்டால் அந்த வருஷத்துப் பணம் முழுவதும் போச்சு.

முதல் கோடையில் ஒரு ராத்திரிக்கு வாடகை 3 முதல் 5 டாலர். கூலித் தொழிலாளி ஒருவர் இரண்டு மூன்று நாள் உழைத்தால்தான் அந்தத் தொகை கையில் வரும். அந்த வாடகையைவிட மூன்று கம்பெனிகளும் குறிவைத்தது டிக்கெட்டை. குடும்பத்தோடு ஒரு பணக்காரர் இரண்டு மாதம் தங்க வந்தால், அவர், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர்கள், பெட்டி படுக்கை எல்லாமே அந்த ரயிலிலோ கப்பலிலோதான் வந்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது. ஓட்டல் என்பது ரயில் பாதையின் முடிவில் வைத்த காந்தம். அமெரிக்காவின் பெரிய கோடை ஓட்டல்கள் பலவும் இந்தக் கணக்கில் எழும்பியவைதான்.

கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. சீசன் ரொம்பக் குறைவு. ஜூன் பாதிவரை குளிர், செப்டம்பர் வந்தால் பள்ளிக்கூடம். எட்டுப் பத்து வாரத்தில் சம்பாதித்ததை வைத்து, பனிப்புயலில் பத்து மாதம் வெறுமனே நிற்கும் ஒரு மரக் கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும். 1888 ஜூலையில் நடந்த ஓட்டல் இயக்குநர் கூட்டத்திலேயே ரயில் அதிபர் கார்னீலியஸ் வேண்டர்பில்ட் இந்தக் குறுகிய சீசனைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்தக் கையோடு, இனி நமக்கு வேண்டியது நீரிணைக்குக் குறுக்கே ஒரு பாலம் என்றும் சொல்லியிருக்கிறார். நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் திறந்து ஐந்தே வருஷம் ஆகியிருந்த நேரம் அது. அந்த யோசனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

லாபம் நிலையாக இல்லாததால் ஓட்டல் பல கைகளுக்கு மாறியது. ஆனால் மேடையில் பெரிய பெயர்களுக்குக் குறைவில்லை. 1895 ஜூலையில் மார்க் ட்வைன் அங்கே பேசினார். கடனில் மூழ்கியிருந்த அவர், அதை அடைக்க உலகம் சுற்றிப் பேசக் கிளம்பியிருந்தார். மேக்கினா அந்தப் பயணத்தின் ஆரம்ப நிறுத்தங்களில் ஒன்று. அதே பயணம்தான் அடுத்த ஜனவரியில் அவரைக் கொழும்புக்கும் பம்பாய்க்கும் கொண்டுவந்தது.

1898இல் நடந்ததைத்தான் தீவின் வரலாற்றில் மிகப் பெரிய சம்பவம் என்று நான் சொல்வேன். அன்று அது பெரிதாகவே தெரிந்திருக்காது. யாரோ ஒருவர் மோட்டார் வண்டி ஒன்றைத் தீவுக்குக் கொண்டுவர, அதன் சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. சுற்றிக்காட்டும் குதிரை வண்டிக்காரர்கள் ஊர்ச் சபையிடம் முறையிட்டார்கள். சபை மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டது. 1901இல் பூங்கா நிர்வாகமும் தன் பகுதியில் அதே தடையைக் கொண்டுவந்தது. சுற்றுச்சூழல், பாரம்பரியம் என்றெல்லாம் யாரும் பேசவில்லை. பிழைப்புக்குப் பங்கம் வரும் என்று பயந்த வண்டிக்காரர்கள் கேட்டார்கள், கிடைத்தது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வர இன்னும் பத்து வருஷம் இருந்தது. கார் உலகத்தைப் புரட்டிப்போடும் என்று தெரிந்து போட்ட தடை அல்ல அது. ஒருவேளை தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கார் மற்ற ஓட்டல்களை என்ன செய்தது என்று பார்த்தால் இந்தத் தடையின் மதிப்பு புரியும். ரயிலில் வந்தவர் ஒரே இடத்தில் இரண்டு மாதம் தங்கினார். காரில் வந்தவருக்கு அப்படித் தங்க வேண்டிய கட்டாயமில்லை. இன்று இந்த ஏரி, நாளை அடுத்த ஏரி, ராத்திரிக்கு சாலையோரத்தில் ஒரு மலிவான அறை. மோட்டல் என்ற சொல்லே அப்படித்தான் பிறந்தது. முந்நூறு அறையும் ஐந்து வேளை உடை மாற்றும் சம்பிரதாயமும் இருந்த ஓட்டல்களில் கூட்டம் கரைந்தது. வருமானம் குறைந்ததும் பராமரிப்பு குறைந்தது. காய்ந்த மரம், பழைய மின்கம்பி, சமையலறை நெருப்பு என்று பிறகு ஒரு பொறி போதும். மிச்சிகனிலேயே ஒட்டாவா பீச் ஓட்டல் 1923இல் எரிந்து மறுபடி கட்டப்படவில்லை. கார் வருவதற்கு முன்பேகூட இந்த ஓட்டல்களின் ஆயுள் ரயில்காரர்களின் கையில்தான் இருந்தது. மின்னசோட்டாவின் மினடோங்கா ஏரியில் ரயில் அதிபர் ஜேம்ஸ் ஹில் 1882இல் திறந்த லஃபாயெட் ஓட்டல் பதினைந்தே வருஷத்தில், 1897 அக்டோபரில், சாம்பலானது. அதற்குள் ரயில் இன்னும் மேற்கே போயிருந்தது, பணக்காரர்களும் கூடவே போயிருந்தார்கள். திரும்பக் கட்ட யாருக்கும் அவசரமில்லை.

மேக்கினாவுக்கும் கஷ்டகாலம் வந்தது. 1919இல் டபிள்யூ. ஸ்டூவர்ட் உட்ஃபில் என்ற இளைஞர் ஓட்டலின் முன்மேசையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1920களின் நடுவில் பங்குதாரர் ஆனார், பிறகு பங்கை விற்றுவிட்டு விலகினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்து ஓட்டல் நொடித்து 1933இல் ஏலத்துக்கு வந்தபோது கேட்க வந்தவர் அவர் ஒருவர்தான். வேறு யாருக்கும் வேண்டாத ஒரு மரக் கட்டடத்தை, நாடே வேலையில்லாமல் கிடந்த நேரத்தில் ஒரு மனிதர் வாங்குகிறார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. தீவில் கார் இல்லை என்பதை மறைக்க வேண்டிய குறையாக அவர் நினைக்கவில்லை. விற்க வேண்டிய சரக்கே அதுதான் என்று புரிந்துகொண்டார். குதிரை வண்டி, சீருடை, மாலையானால் கோட்டு, கவுன், பல வகைச் சாப்பாடு என்று வேறெங்கும் மறைந்துகொண்டிருந்த பழக்கங்களை விடாமல் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்றும் செய்தார். ஜூலை, ஆகஸ்டை மட்டும் நம்பாமல், மாநாடுகளைப் பிடித்து சீசனின் இரு முனைகளையும் நீட்டினார். அதில் ஒன்று வரலாற்றில் இடம்பிடித்தது. 1943 செப்டம்பரில், உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, குடியரசுக் கட்சித் தலைவர்கள் அந்த ஓட்டலில் கூடினார்கள். அமெரிக்கா தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்று வாதாடி வந்த கட்சி அது. போருக்குப் பின் நாடுகளின் கூட்டமைப்பில் அமெரிக்கா சேர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு, மிச்சிகன் செனட்டர் ஆர்தர் வேண்டன்பெர்க்கின் முயற்சியில், அங்கே அது ஒத்துக்கொண்டது. ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்காவின் இரு கட்சிகளும் ஆதரவு தந்ததற்குப் போட்ட அடிப்படைகளில் ஒன்று இது.

இப்போது பாலத்துக்கு வரலாம். 1923 முதல் மாநில அரசே கார்களைப் படகில் ஏற்றி நீரிணையைக் கடக்க வைத்தது. மான் வேட்டைக் காலத்தில் கார்கள் மைல் கணக்கில் வரிசையாக மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும். பாலம் கட்ட ஏற்பட்ட ஆணையத்தை 1947இல் மாநிலம் கலைத்துவிட்டது. கனவு முடிந்தது என்று எல்லோரும் கைவிட்டபோது குடிமக்கள் குழு ஒன்றைக் கூட்டி அதை உயிர்ப்பித்தவர் யார் தெரியுமா? கிராண்ட் ஓட்டல் முதலாளி உட்ஃபில். கார் இல்லாத தீவின் பெரிய முதலாளி, காருக்கான பாலத்துக்காக ஊர் ஊராக ஆதரவு திரட்டினார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பாலம் நீரிணையின் தென்கரையிலிருந்து வடகரைக்குப் போகிறது, தீவைத் தொடவில்லை. கார் கரைவரை வேகமாக வரட்டும், தண்ணீரோடு நிற்கட்டும் என்பதுதான் கணக்கு. 1957 நவம்பர் 1 அன்று சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள மேக்கினா பாலம் திறந்தது. வேண்டர்பில்ட் கேட்டு அறுபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

அதன்பின் கதை சுருக்கமானது. 1951இல் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த டான் மஸ்ஸர் 1979இல் அதை வாங்கினார். அவர் குடும்பத்திடம் நாற்பது வருஷம் இருந்தது. 2019இல் டென்வரைச் சேர்ந்த கேஎஸ்எல் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போனது. கிறிஸ்டோபர் ரீவும் ஜேன் சீமோரும் நடித்து 1980இல் வந்த காலப்பயணக் காதல் படம் ஒன்றை அங்கே எடுத்தார்கள். மூலக்கதை நடப்பது கலிஃபோர்னியாவின் கொரொனாடோ ஓட்டலில். ஆனால் 1912ஐக் காட்ட வேண்டிய படத்துக்கு, சுற்றிலும் நவீனம் தெரியாத இடம் வேண்டியிருந்தது. அதை மேக்கினா கொடுத்தது. கதைக்குக் கார் தேவைப்பட்டதால் தீவு தனி அனுமதி கொடுத்தது. அந்தப் படத்தின் ரசிகர்கள் அந்தக் கால உடையில் இன்னமும் அக்டோபரில் அங்கே கூடுகிறார்கள். 1989இல் ஓட்டலுக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது.

இந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. ஓட்டலுக்கு வரும் ஒவ்வொரு முட்டையும் துவைக்கும் சோப்பும் படகில் வந்து, குதிரை வண்டியில் மேடேற வேண்டும். கோடையில் தீவில் பல நூறு குதிரைகள் வேலை செய்கின்றன. அவற்றுக்குத் தீவனம், லாடம், கால்நடை மருத்துவர், சாணம் அள்ள ஆள் என்று எல்லாம் வேண்டும். குளிர்காலம் வந்தால் பெரும்பாலான குதிரைகளைப் படகில் ஏற்றி வடகரைப் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். தீவில் நிரந்தரமாக வாழ்கிறவர்கள் சுமார் ஐந்நூறு பேர்தான். சீசனுக்கு வேண்டிய ஆள்பலம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஜமைக்காவிலிருந்து ஒவ்வொரு வருஷமும் தற்காலிக விசாவில் வந்து பரிமாறி, அறை கூட்டி, சமைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் பலர். வராந்தாப் படங்களில் அவர்கள் முகம் அதிகம் வருவதில்லை. அந்த ஓட்டலை ஒவ்வொரு மே மாதமும் மறுபடி எழுப்புகிற கைகள் அவை.

தடையும் முழுத்தடை அல்ல. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் உண்டு; பனிக்காலத்தில் பனியின்மேல் சறுக்கி ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஓட்டலாம். ஏரி உறைந்தால் ஊர்க்காரர்கள் வடகரை ஊரான செயின்ட் இக்னஸுக்குப் பனியின்மேலேயே போய்வருவார்கள். பாதை தெரிவதற்காக, கொண்டாடி முடித்த கிறிஸ்துமஸ் மரங்களை வழிநெடுக நட்டு வைப்பார்கள். ஆனாலும் தீவைச் சுற்றும் எம்-185 சாலை, கார் ஓடாத மாநில நெடுஞ்சாலை என்ற பெயரோடு நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் குதிரைகளுக்கும் திறந்திருக்கிறது.

ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் டெட்ராய்ட் வர்த்தக சபை தன் பெரிய மாநாட்டை இந்த ஓட்டலில்தான் நடத்துகிறது. உலகத்துக்குக் கார் செய்துகொடுத்த ஊரின் தொழிலதிபர்களும் மாநில ஆளுநரும் அரசியல்வாதிகளும் மேக்கினா சிட்டியிலோ செயின்ட் இக்னஸிலோ வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படகேறுகிறார்கள். அக்கரையில் குதிரை வண்டி நிற்கும்.